துவைக்க வேண்டாம்

அவன் பெயர் எனக்குத் தெரியும். சட்டையின் மார்புப் பக்கத்தில் கறுப்பு நூலால் தைத்திருந்தது. அந்தச் சட்டைக்கு நானே பலமுறை இஸ்திரி போட்டிருக்கிறேன். இருந்தாலும் இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பது போகப்போகத் தெரியும். எங்கள் சலவைக் கூடத்தில் அவன் 417. அவனுடைய வலைப்பையில் கட்டியிருந்த வில்லையில் அந்த எண்தான் இருந்தது. நாங்கள் ‘நானூத்திப் பதினேழு’ என்றுதான் சொல்வோம். அதைச் சொல்லக் கற்றுக்கொடுக்கச் சொல்லி, நாக்கு சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டான்.

இராக் போர் தொடங்குவதற்கு முன்னால், குவைத் பாலைவனத்தில் பிரிட்டிஷ் ராணுவம் கூடாரம் அடித்துக் காத்திருந்த மாதங்கள் அவை. சண்டைக்கு வந்தவனுக்கும் அழுக்குத் துணி சேரும் அல்லவா? அதைத் துவைக்க ஒரு கம்பெனி எங்கள் பன்னிரண்டு பேரைக் கொண்டுபோய் இறக்கியிருந்தது. ப்ளஸ் டூ படித்தவன், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பான் என்று என்னைக் கவுண்ட்டரில் நிறுத்தினார்கள். பையை வாங்க வேண்டும், சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். கூட்டம் குறைந்ததும் உள்ளே போய்ப் பாக்கெட்டுகளைச் சோதிக்க வேண்டும். பேனா, லைட்டர், கடிதம், போட்டோ என்று எது இருந்தாலும் எடுத்துத் தனியாக ஒரு உறையில் போட்டுப் பையோடு பின் குத்திவிட வேண்டும். பிறகு வலைப்பையை அப்படியே மெஷினில் போட்டுவிடலாம். ஒருவன் துணி இன்னொருவன் துணியோடு கலக்காது.

417-இடம் நான் முதலில் கவனித்தது அவன் மூக்கைத்தான். பெரிய மூக்கு என்று சொல்ல வரவில்லை. வெயிலில் தோலுரிந்த சாதாரண வெள்ளைக்கார மூக்குதான், ஆனால் சும்மா இருக்காது. துவைத்த பையைக் கொடுத்ததும் மற்றவர்கள் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். இவன் கவுண்ட்டரிலேயே பையின் வாயை விரித்து, முகத்தை உள்ளே விட்டு, நீளமாக ஒரு மூச்சு இழுப்பான். வரிசையில் அவனுக்குப் பின்னால் எப்போதும் நிற்கும் செம்பட்டை மீசைக்கார நண்பன், “ஆரம்பிச்சிட்டான்” என்று தலையில் அடித்துக்கொள்வான். இவன் நிதானமாக நிமிர்ந்து, “தேங்க்யூ, மேட்” என்பான். எங்கள் எல்லோரையும் அவன் ‘மேட்’, அதாவது கூட்டாளி, என்றுதான் கூப்பிட்டான். கம்பெனியின் மேனேஜரையும் ஒருநாள் அப்படிக் கூப்பிட்டுவிட்டான்.

பெரிய பதவியெல்லாம் கிடையாது, பதக்கம் கிடையாது. லாரி ஓட்டுகிறவன். முன்னால் இருக்கும் படைக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோவது அவன் வேலை. ராணுவத்தில் சேருவதற்கு முன்பு ஒரு பேக்கரியில் இருந்தானாம். ரொட்டி வெந்துவிட்டதா என்று கடிகாரம் பார்க்க மாட்டானாம், மோந்து பார்த்தே சொல்லிவிடுவானாம். இதை அவன் சொன்னபோது நான் நம்பவில்லை. அவன் பேசும் இங்கிலீஷில் பாதிதான் எனக்குப் பிடிபடும் என்பதால், மீதிப் பாதியில் வேறு ஏதாவது சொல்லியிருப்பான் என்று விட்டுவிட்டேன்.

நம்ப வைத்தது ரசம். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கூடத்துக்குப் பின்னால் முருகேசன் ரசம் தாளித்துக்கொண்டிருந்தான். கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பையன், மெஷின் பார்ப்பவன். சமையலும் அவன்தான். கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு 417 வந்து நின்றான். லாரிகள் நிற்கும் இடம் அரைக் கிலோமீட்டர் தள்ளி. காற்றில் வந்த பூண்டு வாசத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருக்கிறான். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து டம்ளர் ரசத்தைக் குடித்தான். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், விக்கல் வேறு. “இன்னொரு டம்ளர்” என்று நீட்டினான். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தான்.

முருகேசன் அவனை ‘மாப்ள’ என்று கூப்பிட ஆரம்பித்தான். அதுவரை ரசத்தின் தெளிவான முதல் டம்ளர் எனக்குத்தான் வரும். “அண்ணனுக்கு” என்று எடுத்து வைப்பான். 417 வந்த பிறகு அது மாப்பிள்ளைக்குப் போனது. ஒரு டம்ளர் ரசத்துக்கு வயிறு எரியுமா என்று கேட்கலாம். எரிந்தது. அப்போது எனக்கு வயது இருபத்தாறு, அவனுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். அவனுக்கு எதுவுமே தானாக வந்தது. போகும் இடமெல்லாம் யாராவது ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு நடந்தது. ஒவ்வொருவராகப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். முருகேசனைப் பூண்டு என்றான். திருநெல்வேலிக்காரரான எங்கள் சூப்பர்வைசரைத் தேங்காயெண்ணெயும் சிகரெட்டும் என்றான். அவர் பொண்டாட்டிக்குத் தெரியாமல் பிடிக்கும் சிகரெட் என்பதால் அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. நான் போய் நின்றேன். மோந்தான். இன்னும் கிட்ட வந்து மறுபடி மோந்தான். புருவத்தைச் சுருக்கினான். “ஒண்ணுமே இல்ல மேட். சோப்பு. வெறும் சோப்பு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சுத்தமானவன் என்று சொல்வதாகத்தான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

அவன் பாக்கெட்டில் எப்போதும் கடிதம் இருக்கும். நம் ஊர் இன்லண்ட் லெட்டர் மாதிரி நீலத் தாள். அவன் மனைவி வாரத்துக்கு மூன்று எழுதுவாள். பாக்கெட்டில் கிடைப்பதைப் படிக்கக் கூடாது என்று விதி. நான் படித்தேன். பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. குழாய் ஒழுகுகிறது, உன் அம்மா வந்துவிட்டுப் போனாள், வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கிறது. ஆனால் தாளின் ஓரத்தில் ஒரு கறை இருக்கும். அதைச் சுற்றி வட்டம் போட்டு, ‘என்னவென்று சொல்’ என்று எழுதியிருப்பாள். ஒன்றில் ஆரஞ்சுத் தோலைத் தேய்த்திருந்தாள். ஒன்றில் குழம்பு. இன்னொன்றில் என்னவென்றே எனக்குப் புரியவில்லை. கவுண்ட்டரில் திருப்பிக் கொடுக்கும்போது, தற்செயலாகப் பார்த்ததுபோல, “இது என்ன கறை?” என்று கேட்டேன். “அவ கழுத்து” என்று சொல்லிவிட்டுக் காது வரை சிவந்து போனான்.

என் மனைவி செல்வியும் எழுதுவாள். மாதம் ஒன்று, அரைப் பக்கம். நலம், நலமறிய ஆவல். பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது. மாமா மோட்டார் ரிப்பேர் பார்த்துவிட்டார். அன்றைக்கு ரூமுக்குப் போய் அவளுடைய கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து மோந்து பார்த்தேன். தபாலாபீஸ் பசை வாசம் வந்தது. நான் புதுக்கோட்டையை விட்டுக் கிளம்பும்போது அவளுக்கு ஐந்து மாதம். பிள்ளை பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, எட்டு மாதம் ஆகிவிட்டது. நான் பார்த்தது ஒரே ஒரு ஸ்டூடியோ போட்டோ. கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு. முகம் பாதி அதிலேயே மறைந்திருந்தது.

விஷவாயு வந்தால் என்ன செய்வது என்று அடிக்கடி பயிற்சி நடக்கும். சங்கு ஊதியதும் சிப்பாய்கள் இடுப்பிலிருந்து முகமூடியை எடுத்து ஒன்பது நொடியில் மாட்டிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு முகமூடி தரவில்லை. ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். ஒரு தடவை 417 எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். முடிந்து கழற்றியதும், “உள்ளே ரப்பர் நாத்தம் மேட், தாங்க முடியல. உன் துண்டே தேவலாம்” என்றான். உயிரைக் காப்பாற்றும் சாமானை நாற்றம் என்று சலித்துக்கொள்கிறவனைப் பார்த்து எனக்கு வந்த கடுப்பு கொஞ்சநஞ்சமில்லை. மாற்றிக்கொள்ளலாமா என்று வாய்வரை வந்துவிட்டது.

அவனுக்கும் பெண் குழந்தை பிறந்தது. செய்தி வந்த அன்று கவுண்ட்டர் வரிசையில் நின்ற எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தான். இரண்டு வாரம் கழித்து ஒரு பார்சல் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தான். அவனுடைய கூட்டாளிகளிடம் காட்டுவதற்கு முன்பே என்னிடம் வந்தான் என்பதை நான் இதில் விடாமல் எழுதியாக வேண்டும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை, அரைக் கிலோ உருளைக்கிழங்கு பிடிக்கும். உள்ளே கைக்குள் அடங்கும் ஒரு வெள்ளைச் சட்டை. குழந்தைக்கு மூன்று நாள் போட்டு, துவைக்காமல், அப்படியே மூடி அனுப்பியிருந்தாள். பையின்மேல் அவன் தன் கையெழுத்தில் பெரிதாக எழுதிவிட்டான், ‘துவைக்க வேண்டாம்’ என்று. இங்கிலீஷில்தான், ஆனால் எனக்குப் படிக்க வரும்.

“ஒரு நாளைக்கு ஒரு மூச்சுதான்,” என்றான். “அதுக்கு மேல இழுத்தா தீர்ந்துடும்.” பிறகு என்னைப் பார்த்து, “நீயும் அப்பாதானே? வா” என்று ஜிப்பை ஒரு விரல் அகலம் திறந்து நீட்டினான்.

மோந்தேன். பால் வாசம் வந்தது. லேசான புளிப்பு. அதற்கு அடியில் இன்னும் ஏதோ ஒன்று. அது என்னவென்று பிள்ளையைத் தூக்கியவர்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. அவன் உடனே மூடிவிட்டான். “உன் பொண்ணும் இப்படித்தானா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். பொய். என் மகள் மேல் என்ன வாசம் அடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. எட்டு மாதமாக அதைப் பற்றி நான் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. என்னிடம் இல்லாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

அதற்கடுத்த வாரம் முகாமே பரபரப்பாகிவிட்டது. எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று உத்தரவு. எல்லோரும் அவசர அவசரமாகத் துணிகளைத் திணித்துக் கொடுத்தார்கள். 417-இன் பையை நான் சோதித்தேன். கால்சட்டையின் தொடைப் பாக்கெட்டில் அந்த ஜிப் பை இருந்தது. மறந்துவிட்டான்.

விதிப்படி எடுத்துத் தனியாக வைத்திருக்க வேண்டும். எடுத்தேன். சுற்றிலும் மெஷின் சத்தம், யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஜிப்பை முழுசாகத் திறந்தேன். முகத்தை உள்ளே விட்டு ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, எண்ணவில்லை. பிறகு சட்டையை வெளியே எடுத்து, அவனுடைய வலைப்பைக்குள் போட்டு முடிச்சிட்டேன். ‘துவைக்க வேண்டாம்’ என்று எழுதிய பிளாஸ்டிக் பையை மடித்து என் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டேன். கைதவறிச் செய்யவில்லை, தெரிந்தேதான் செய்தேன். எனக்கு இல்லாதது அவனுக்கும் வேண்டாம், அவ்வளவுதான் கணக்கு. சூடு எழுபதில் வைத்தேன். ஒருதடவை முடிந்ததும் மறுபடி ஒருதடவை போட்டேன்.

மறுநாள் அவன் ஓடி வந்தான். வழக்கமாகப் பின் குத்தியிருக்கும் உறையைத் தேடினான், இல்லை. பையைத் திறந்தான். மேலேயே இருந்தது, நானே இஸ்திரி போட்டு நாலாக மடித்தது. எடுத்து மூக்கில் வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது. நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

“இது எப்படி உள்ள போச்சு?” என்றான். கோபம் இல்லை.

“மெஷின்காரனுக்கு இங்கிலீஷ் தெரியாது,” என்றேன். “மன்னிச்சுக்கோ.”

சத்தியமாக அவன் முருகேசனை அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உள்ளே போனான். மெஷின் பக்கத்தில் நின்றவனின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னான். சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் திணித்தான். திரும்பி என்னைத் தாண்டிப் போகும்போது, “ரொம்ப சுத்தமா இருக்கு. தேங்க்யூ, மேட்” என்றான்.

முருகேசன் பொட்டலத்தோடு வந்தான். “அண்ணே, மாப்ள எதுக்கு எனக்கு பிஸ்கட் குடுத்துட்டு, பரவால்ல பரவால்லன்னு சொல்லிட்டுப் போறாரு? நான் என்ன பண்ணேன்?”

“உன் ரசத்துக்குடா,” என்றேன். அவன் அதில் பாதியை உடைத்து எனக்குக் கொடுத்தான். நான் தின்றேன்.

மூன்றாம் நாள் காலை அவர்கள் கிளம்பினார்கள். லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தபோது 417 கடைசிப் பையைப் போட வந்தான். முந்தைய பையில் இடமில்லாமல் விட்டுவைத்த அழுக்குத் துணி, பை கனமாக இருந்தது. சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டான். மார்புப் பையிலிருந்து அந்தக் குட்டிச் சட்டையை எடுத்து ஒரு மூச்சு இழுத்தான்.

“இன்னும் இருக்கு மேட்,” என்றான். “இந்தத் தையல் இடுக்குல தேடினா கொஞ்சம் கிடைக்குது.”

இல்லை என்று எனக்குத் தெரியும், எழுபது டிகிரியில் இரண்டு தடவை துவைத்தவன் நான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வெளியே ஹாரன் அடித்தார்கள். சரி, வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். “போய்ட்டு வா” என்று தமிழில் சொன்னேன். அவன் கையை ஆட்டிவிட்டு ஓடினான்.

போர் தொடங்கியது. தண்ணீர் வண்டிகளை எல்லாம் முன்பக்கம் அனுப்பிவிட்டதால் எங்களுக்கு நான்கு நாள் தண்ணீர் வரவில்லை. மெஷின்கள் சும்மா நின்றன. பைகள் துவைக்காமல் கூரை வரை குவிந்து கிடந்தன. ஐந்தாம் நாள் மத்தியானம் தண்ணீர் வந்தது. அதே மத்தியானம் செம்பட்டை மீசைக்கார நண்பனும் வந்தான். வரிசையில் நிற்காமல் நேராகக் கவுண்ட்டருக்கு வந்து ஒரு சீட்டை வைத்தான். ஓரம் கருகியிருந்தது. எண் 417.

பஸ்ரா போகும் சாலையில் வெடி புதைத்து வைத்திருந்தார்கள். அவன் ஓட்டிப் போனது தண்ணீர். அவ்வளவுதான் நண்பன் சொன்னான். வீரமாக எதுவும் நடக்கவில்லை. யாரையும் சுடவில்லை, யாரையும் காப்பாற்றவில்லை. சாலையில் போய்க்கொண்டிருந்தான். இறந்தவனின் துணிமணி எல்லாம் வீட்டுக்குப் போக வேண்டும், அழுக்கோ கறையோ இல்லாமல் துவைத்து இஸ்திரி போட்டுத்தான் அனுப்ப வேண்டும், அது ராணுவ விதி என்றான். ஒரு மணி நேரத்தில் வண்டி கிளம்புகிறதாம், அதுவரை அங்கேயே நிற்பதாகச் சொன்னான்.

“ஏலே, நானூத்திப் பதினேழ மொதல்ல போடு,” என்றார் சூப்பர்வைசர். அவர் கண் கலங்கியிருந்தது. “ஒரு கறை இருக்கப்பிடாதுடே. அவன் வீட்டம்மா கைக்குப் போற துணி. எண்ணி வாங்கு, எண்ணிக் கொடு.” முருகேசன் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரவில்லை.

பையை நான் பிரித்தேன். பதினோரு உருப்படி. பாக்கெட்டுகளில் ஒன்றுமில்லை. ஒரு பச்சைப் பனியனை எடுத்தபோது கழுத்துப் பக்கம் வியர்வை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. முகத்தில் வைத்தேன். டீசல், வியர்வை, புகையிலை, முருகேசனின் பூண்டு. அதற்கு அடியில் அவன். ஒரு நிமிஷம் அவன் அங்கேயே நின்றான் என்றால் நம்புவீர்களா? அவன் மனைவி வட்டம் போட்டு அனுப்பிய கறைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எங்கள் சோப்பு வாசத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

பத்து உருப்படியைத் துவைத்தேன். அந்தப் பனியனைச் சுருட்டினேன். அவனுடைய ஜிப் பை என் பெட்டியில்தான் இருந்தது. எறியவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல் வைத்திருந்தேன். பனியனை அதில் திணித்துக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடினேன். ‘துவைக்க வேண்டாம்’ மேலே தெரிந்தது, அவன் கையெழுத்திலேயே. பிடிபட்டால் விசாவைக் கேன்சல் அடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

நண்பன் ஒவ்வொன்றாக எண்ணி, கொண்டுவந்திருந்த பெட்டியில் அடுக்கினான். பத்து. பதினோராவதாக அந்தப் பையை வைத்தேன். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். “என்னடே இது, அழுக்கு?”

“அவரே எழுதி வச்சிருக்கார் சார்,” என்றேன்.

நண்பன் அதைக் கையில் எடுத்து எழுத்தைப் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். மடித்த துணிகளை எல்லாம் வெளியே எடுத்து, அந்தப் பையை அடியில் வைத்து, மேலே மறுபடியும் அடுக்கினான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

இதை ஏதோ பிராயச்சித்தம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெட்டி போகும்போதும் எனக்குப் பொறாமைதான். செத்துப்போனவன் மேல் பொறாமைப்பட்ட ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்தப் பாலைவனத்தில் எனக்கு ஏதாவது ஆனால் என் பனியனை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? அடுத்த வருஷம் ஊருக்குப் போனபோது அதற்குப் பதிலும் கிடைத்தது. மகள் என்னைக் கண்டு அலறினாள். செல்வி என் பெட்டியைத் திறந்தாள், உள்ளே துழாவினாள், துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்த துணிகளை எல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் அள்ளிக்கொண்டு போய் வாளித் தண்ணீரில் அமுக்கினாள். அந்த வாளியை நான் இருபது வருஷத்துக்கு மேலாக மறக்கவில்லை. அங்கே வாசத்தைப் பொத்தி அனுப்பிய ஒருத்தி, இங்கே வாளியில் அமுக்கிய ஒருத்தி என்று மனதுக்குள் எத்தனை தடவை குமைந்திருப்பேன்.

இப்போது ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு சலவைக் கூடத்துக்கு நானே சூப்பர்வைசர். ஹோட்டல் விரிப்புகள்தான் வருகின்றன, அவற்றில் பாக்கெட் கிடையாது. போன மாதம் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் செல்வி வீடியோவில் வந்து பேரனைக் காட்டினாள். அவன் உச்சந்தலையில் மூக்கை வைத்து இழுத்துவிட்டு, “இந்த வாசம் மட்டும் போன்ல வராது போங்க” என்று சிரித்தாள். எனக்கு என்ன ஆயிற்றோ, அதுவரை யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவளிடம் சொல்லிவிட்டேன். ரசம், நீலக் கடிதம், குட்டிச் சட்டை, நான் செய்த அநியாயம், பச்சைப் பனியன், எல்லாம்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பிள்ளையை மகளிடம் கொடுத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனாள்.

“அந்தப் பொம்பளைக்கு அது போயிச் சேந்துச்சா?”

“தெரியல. நடுவுல யாராவது பிரிச்சுத் தொவச்சிருந்தாலும் தொவச்சிருப்பாங்க.”

“சேந்திருக்கும்,” என்றாள். பிறகு, “அவ கொடுத்து வச்சவ” என்றாள்.

“என்ன செல்வி பேசுற? புருசன் செத்துப் போனவளையா?”

“ஆமாங்க, அவளத்தான். எனக்கு எத்தன பார்சல் போட்டிருப்பீங்க? சென்ட் பாட்டிலு, சோப்பு, டால்கம் பவுடரு, பிரிக்காத சேலை. எல்லாம் கடை வாசம். மொத தடவ நீங்க வந்தப்ப, ஒரு அழுக்குச் சட்டையாச்சும் கெடக்கும்னு அந்தப் பெட்டிய அடிவரைக்கும் தேடுனேன். எல்லாத்தையும் தொவச்சு மடிச்சு, யாரோ கடைக்காரன் அனுப்புன மாதிரி கொண்டாந்திருந்தீங்க. ஆத்திரத்துலதான் அம்புட்டையும் அள்ளித் தண்ணியில போட்டேன். யாரோ ஒரு வெள்ளக்காரிக்கு வேல போனாலும் போகுதுன்னு ஒரு அழுக்குப் பனியன அனுப்பி வச்சிருக்கீங்க. எனக்கு ஒண்ணு அனுப்பணும்னு ஒருநாளாச்சும் தோணுச்சா உங்களுக்கு?”

உள்ளே பேரன் அழுதான். அவள் போனை வைத்துவிட்டாள்.

ரூமில் ஆணியில் என் டியூட்டி சட்டை தொங்கியது. மூன்று நாள் போட்ட சட்டை. எடுத்து முகத்தில் வைத்து இழுத்தேன். கழுத்துப் பட்டியில் பார்த்தேன். அக்குளில் பார்த்தேன். உட்பக்கத்தைத் திருப்பி, அவன் சொன்ன மாதிரி, தையல் இடுக்கில் விரலால் பிரித்துத் தேடினேன். சோப்பு வாசம்தான் வந்தது.